பல்லி சொன்ன தீர்மானங்கள்

அத்தியாயம் 7

மட்டாஞ்சேரியில் கச்சேரி நடத்தும் விலாச சபையின் போலீஸ் புகார் மனுவில் மூன்று குற்றங்கள் இருந்தன. ஒன்று, நின்றுபோன இதயத்தை ஷாக் கொடுத்து ஓடவைக்கும் பெட்டியிலிருந்து பாட்டரியைத் திருடியது. இரண்டு, அந்தப் பெட்டி இருந்த கண்ணாடி அலமாரியைத் தேங்காயால் உடைத்தது. மூன்று, சபைத் தலைவர் வெங்கிடேஸ்வரனின் விலா எலும்பில் இரண்டை முறித்தது. மூன்றுக்கும் ஒரே ஆள், வாட்ச்மேன் ஒச்சப்பன்.

அருண்பாண்டி மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"மேடம், நாலாவது ஒண்ணு விட்டுப்போச்சு. தலைவரைச் சாகவிடாம தடுத்ததுன்னு."

"அத அவா மறந்துட்டா. நீ மறக்காதே," என்றாள் கமலாக்ஷி.

கமலாக்ஷிக்கு ஐம்பத்து இரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது கொச்சி பள்ளுருத்தியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அருண்பாண்டிக்கு உசிலம்பட்டி. இடப்பள்ளியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவன், வாடிக்கையாளர் எத்தனை பீஸ் சாப்பிட்டார் என்பதை எலும்பைப் பார்த்தே சொல்வான் என்பதால் கமலாக்ஷியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவன் வாய்க்கு அங்கே சம்பளம் பிடித்தார்கள், இங்கே பிடிப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒச்சப்பன் அவனுக்குப் பக்கத்து ஊர்க்காரன். அந்தப் பழக்கத்தில்தான் ஒச்சப்பனின் மனைவி பொன்மணி காலையிலேயே வந்து ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு சபைக் கமிட்டி கூடி மனுவில் கையெழுத்துப் போடப்போகிறது. போட்டால் ஒச்சப்பனுக்கு வேலை போகும், சபைக்குப் பின்னால் கொடுத்திருக்கிற ஒற்றை அறை போகும், மட்டாஞ்சேரியில் இனி எவனும் அவனை நம்பிக் கதவில் நிறுத்தமாட்டான். நாளைக்குத் தள்ளிப்போடவும் வழியில்லை. நாளை சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகம், பேனா எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விடும், விஜயதசமி வரைக்கும் ஒரு எழுத்து எழுதக் கூடாது. ஒரு ஏழையின் பிழைப்பைக் கெடுப்பதையும் சாஸ்திரப்படி இன்றே முடித்துவிட வேண்டும் என்பது கமிட்டியின் நல்ல எண்ணம்.

நடந்தது இதுதான். போன புதன்கிழமை, நவராத்திரிக் கச்சேரிக்கு முன்னால் தலைவர் உரை. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் "சுருக்கமாகச் சொன்னால்" என்று ஆரம்பித்த வெங்கிடேஸ்வரன் மேடையிலேயே சரிந்தார். உரை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப்பேர் கைதட்டினார்கள். ஒச்சப்பன் ஓடிப்போய் அவர் மார்பை அமுக்கத் தொடங்கினான். சுவரில் இருந்த ஷாக் பெட்டியை எடுக்கப் போனால் அலமாரி பூட்டியிருந்தது. சாவியை ஆளுக்கு ஒரு பக்கம் தேடினார்கள். பொன்மணி பொறுத்துப் பார்த்துவிட்டு, அர்ச்சனைத் தேங்காய் ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் வீசினாள். மனுவில் அதுவும் புருஷன் கணக்கில் ஏறிவிட்டது. பெட்டியைத் திறந்தால் பாட்டரி இருக்கவேண்டிய இடம் காலி. ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிஷம். அத்தனை நேரமும் ஒச்சப்பன் கையை எடுக்கவில்லை. தலைவர் பிழைத்துக்கொண்டார். அதற்குச் சபை காட்டிய நன்றிதான் இந்த மனு.

சபைக்குப் பின்னால் இருந்த அறையில் பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டி வாசலுக்கு வந்திருந்தது. ஒச்சப்பன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"அலமாரி சாவி உன்கிட்ட இருந்துதா?" கமலாக்ஷி கேட்டாள்.

"என் கொத்துல பதினோரு சாவிம்மா. அது மட்டும் கிடையாது. திருட்டுப் போயிரும்னு தலைவர் சாமிதான் பூட்டுப் போட்டாரு. சாவிய எங்க வச்சாரோ, தெரியாது."

"உயிர் காக்கற பெட்டிக்குப் பூட்டு," என்றான் அருண்பாண்டி. "தீயணைக்கிற வண்டிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போற மாதிரி."

"மார்ப அமுக்க யாரு கத்துக்குடுத்தா?"

"மூணு வருஷம் முன்னாடி பெட்டி மாட்டுனப்ப ஒரு டாக்டரம்மா பொம்மை கொண்டாந்து சொல்லிக் குடுத்தாங்க. அந்நேரம் பந்தியில இலை போட்டுட்டாங்க, சாமிமாரெல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க. பொம்மைக்குக் காவலா நான் நின்னேன். அந்தம்மா எனக்கே சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பெட்டி இதுக்கு முன்னாடி ஏதாவது தகராறு பண்ணித்தா?"

"இந்த மாசம் ஆரம்பத்துலருந்து கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. தலைவர் சாமிட்ட ரெண்டு தடவை சொன்னேன். மொதல்ல பல்லின்னாரு. ஊருக்குப் போற அன்னிக்குக் கையப் பிடிக்காத குறையா கூட்டிட்டுப் போய் காட்டுனேன். பாத்துக்கிறேன், நீ போன்னாரு."

கமலாக்ஷி அவன் கையை நீட்டச் சொன்னாள். வலது உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, விரல் நீளத்துக்கு நீலமாகக் கன்றியிருந்தது.

"மருதாணி டிசைன் சரியில்லையே மாப்ள," என்றான் அருண்பாண்டி.

"அமுக்குறப்ப நெஞ்சுல என்னமோ குத்துச்சுண்ணே. எலும்பு ஒடஞ்சு துருத்துதோன்னு பயம். விட்டா மனுசன் போயிருவாரேன்னு அப்படியே அமுக்குனேன்."

கமலாக்ஷி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள்.

"யாரு மேடம்?"

"ஒச்சப்பனப் பார்த்து நன்றி சொல்லணும்னு நாலு நாளா தேடற ஒருத்தி. நாலு மணிக்கு வரா."

சபை மண்டபத்தில் செயலாளர் அனந்தநாராயணன் தலைவர் மேஜையில் உட்கார்ந்து மனுவின் இரண்டாவது பிரதியை எழுதிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது, முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் யாரைத் திட்டினாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருக்கும். கமலாக்ஷியின் அப்பாவுக்கு அவர் சிநேகிதர்.

"கமலா, நீ நம்மாத்துப் பொண்ணு. இந்தக் கள்ளனுக்காக்கும் வந்திருக்கேன்னு கேட்டப்போ எனக்கு மனசுக்கு விஷமமாப் போச்சு. சாயா குடிக்கறயா?"

"குடிக்கறேன் மாமா. அதுக்குள்ள பெட்டியப் பார்த்துக்கறேன்."

உடைந்த அலமாரிக்குள் பெட்டி பரிதாபமாக இருந்தது. அதன் முகத்தில் சந்தனம், அதன் நடுவே ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அருண்பாண்டி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பொட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: பச்சை தெரிந்தால் தயார், சிவப்பு தெரிந்தால் பழுது.

"மாமா, இது எப்ப வெச்ச பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வெப்போம். மெஷினாக்கும், மரியாதை வேண்டாமா."

"பொட்டு சிவப்பு, பழுதானா லைட்டும் சிவப்பு. ரெண்டுக்கும் நல்ல பொருத்தம்," என்றான் அருண்பாண்டி.

அலமாரிக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. மாதாமாதம் பெட்டியைப் பரிசோதித்தவர் கையெழுத்துப் போடவேண்டிய அட்டை. பன்னிரண்டு கட்டத்திலும் 'நன்றாக இருக்கிறது' என்று அதே முத்துக் கையெழுத்து. அக்டோபர், நவம்பர், டிசம்பர் உள்பட.

"மாமா, இன்னிக்கு செப்டம்பர் இருபத்தெட்டு," என்றாள் கமலாக்ஷி.

அனந்தநாராயணன் கொஞ்சமும் அசரவில்லை.

"ஜனவரி ஒண்ணாம் தேதி நல்ல நேரம் பார்த்துப் பன்னிரண்டையும் போட்டுடுவேன். மாசாமாசம் ராகுகாலம் பார்த்துண்டிருக்க ஏலுமா. மனசிலாச்சா?"

"நன்னா மனசிலாச்சு."

அருண்பாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டான். அட்டையில் இருந்த பொய் பன்னிரண்டு, அதற்கு யார்மேலும் மனு இல்லை. ஒருவன் உண்மையாக உழைத்தது இருபத்திரண்டு நிமிஷம், அவன் பாத்திரம் வாசலில் கிடக்கிறது. ஆனால் கமலாக்ஷி சிரித்துக்கொண்டே சாயாவை ஊதினாள். அவள் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"மாமா, உங்க கையெழுத்து எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பிரியம். தீர்மானப் புத்தகத்தப் பார்க்கட்டுமா?"

புகழ்ச்சிக்கு மயங்காத செயலாளர் இந்தக் கொச்சியில் இன்னும் பிறக்கவில்லை. தடித்த புத்தகம் மேஜைக்கு வந்தது. கமலாக்ஷி கண்ணாடியைத் துடைக்கிற பாவனையில் அருண்பாண்டியிடம் தள்ளினாள். அவன் உரக்கப் படித்தான்.

"செப்டம்பர் ஏழு. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல் செய்வது. இச்சமயம் கௌளி சொன்னதால் ஏகமனதாக நிறைவேறியது. மேடை விரிப்பு வாங்குவது. கௌளி சொன்னதால் ஏகமனதாக நிறைவேறியது." அவன் நிறுத்தினான். "கௌளின்னா, பல்லிதானே சாமி?"

"பின்னே? ஒரு வார்த்தை சொல்லி வாய மூடறப்போ பல்லி சத்தம் போட்டா அது சத்யம்னு அர்த்தம். உடனே விரலால தட்டணும்," என்று அனந்தநாராயணன் மேஜையில் மூன்று தட்டுத் தட்டிக் காட்டினார். "இந்த மாசம் பகவான் கடாட்சம். எத சொன்னாலும் உடனே சொல்லித்து. எல்லாம் சத்யமான தீர்மானமாக்கும்."

"கமிட்டியில எத்தனை பேரு சாமி?"

"ஒம்பது."

"பல்லியோட பத்து," என்றான் அருண்பாண்டி. "பத்துல அது ஒண்ணுதான் ஒழுங்கா கூட்டத்துக்கு வந்திருக்கு போல."

"மேல படி," என்றாள் கமலாக்ஷி.

செப்டம்பர் பதினாலு, நாலு தீர்மானம், நாலுக்கும் பல்லி. பதினேழு, அவசரக் கூட்டம். ஒரே தீர்மானம். அதை அருண்பாண்டி நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

"கச்சேரி தாமதமாவதால் தலைவர் உரை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. தலைவர் ஆட்சேபித்தார். இச்சமயம் கௌளி சொன்னதால், தலைவர் நீங்கலாக ஏகமனதாக நிறைவேறியது."

அடுத்தது இருபத்தொன்று. "தலைவர் உரைக்கு இருந்த நேர வரம்பு நீக்கப்படுகிறது. கௌளி பதில் சொல்லவில்லை. ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்பட்டது."

கமலாக்ஷி சாயா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாமா, அன்னிக்கப்புறம் பல்லி சொல்லித்தா?"

"இல்லையே. எங்கேயோ போயிடுத்து."

"ஒச்சப்பன் என்னிக்கு ஊருக்குப் போனான்?"

"பதினாலு ராத்ரி பஸ். குலதெய்வம்னு சொன்னான். இருபத்திரெண்டு காலம்பற வந்தான். ஏன் கேக்கறே?"

"சும்மா," என்றாள் கமலாக்ஷி. "அருண், வாசல்ல ஆட்டோ சத்தம் கேக்கறது. தன்யா வந்தா கூட்டிண்டு வா. ஒச்சப்பனையும் பொன்மணியையும் கூப்பிடு."

தன்யா, வெங்கிடேஸ்வரனின் ஒரே பெண். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். நாலு நாள் தூங்காத கண். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒச்சப்பனிடம் நேராகப் போனாள்.

"சேட்டன்தானா அது?" என்றாள். "இந்த அமுக்கு இல்லேன்னா அப்பா இல்லைன்னு டாக்டர் சொன்னார். எலும்பு முறிஞ்சதே சரியா அமுக்கினதுக்கு அடையாளம்னார்." அவள் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு நாளாகத் திருடன் என்றே கேட்டுக்கேட்டுக் காது புளித்திருந்த ஒச்சப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது. அருண்பாண்டிக்கு ஒரு கிண்டல் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. தலைவர் நாற்காலி காலி. மீதி எட்டுப் பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கையெழுத்துப் போடப் பேனா மூடிகளைத் திருகினார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் கமலாக்ஷி. "உங்க கணக்குப்படி பாட்டரிய எடுத்தது ஒச்சப்பன். ஏன்னா சாவி அவன்கிட்ட இருந்துது. இல்லையா?"

"சந்தேகமே இல்லை," என்றார் அனந்தநாராயணன்.

"ஒச்சப்பா, கையக் காட்டு."

ஒச்சப்பன் காட்டினான். எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"தன்யா, ஆஸ்பத்திரியில அப்பாவோட சட்டைய வெட்டி எடுத்தப்போ உன்கிட்ட குடுத்தாளே, அந்தக் கவர்."

தன்யா கவரை மேஜையில் கவிழ்த்தாள். ஒரு வாட்ச், ஒரு மோதிரம், வெட்டிய பூணூல். பூணூலில் இரண்டு சாவி கோத்திருந்தது. கமலாக்ஷி சின்னச் சாவியை எடுத்து ஒச்சப்பனின் உள்ளங்கையில், நீலக் கன்றலின் மேல் வைத்தாள். வட்டத்துக்கு வட்டம், பல்லுக்குப் பல். அச்சாகப் பொருந்தியது.

சாவியைப் பத்திரமாகப் பூணூலில் கட்டிக்கொள்வது அவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இரண்டு மூன்று கைகள் தானாகச் சட்டைக்கு மேல் தடவிப் பார்த்துக்கொண்டன.

"அன்னிக்கு ஊரெல்லாம் சாவி தேடினேள்," என்றாள் கமலாக்ஷி. "சாவி கீழ விழுந்து கிடந்தவர் மார்புலயே இருந்துது. அதுமேலயேதான் ஒச்சப்பன் இருபத்திரெண்டு நிமிஷம் அமுக்கினான்."

அனந்தநாராயணன் இருமினார். "சாவி அவர்கிட்ட இருந்தா அவர் எடுத்தார்னு ஆயிடுமா? தன் உயிருக்கு வேண்டிய பாட்டரிய எவனாவது எடுப்பானா?"

"தன் உயிருக்கு வேண்டியதுன்னு தெரிஞ்சா எடுக்க மாட்டார். பல்லியோட நாக்குன்னு நெனச்சு எடுத்தார். பதினேழுக்கும் இருபத்தொண்ணுக்கும் நடுவுலதான் பல்லி வாய மூடித்து, அப்போ ஒச்சப்பன் ஊர்லயே இல்லை. அருண், பெரிய சாவி."

அருண்பாண்டி பூணூலிலிருந்து பெரிய சாவியை எடுத்து, செயலாளர் இரண்டு மணி நேரமாக மனு எழுதிக்கொண்டிருந்த அதே தலைவர் மேஜையின் இழுப்பறையில் போட்டான். திறந்தது. உள்ளே பொடி டப்பா, பழைய உரைகளின் கட்டு, அதற்கு அடியில் கறுப்பாகச் செங்கல் அளவில் பாட்டரி.

"அனந்து சாமி, களவு போன பாட்டரி மேல நீங்கதான் கைய வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றான் அருண்பாண்டி.

கமலாக்ஷி பாட்டரியை ஒச்சப்பனிடம் கொடுத்தாள். அவன் பெட்டியில் பொருத்தினான். பிறகு அவள் சபையைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"உங்க தலைவரோட உயிரக் காப்பாத்தினவன் இந்த ஒச்சப்பன்."

ட்ச்சிக்.

எட்டு விரல்கள் மேஜையில் மூன்று தட்டுத் தட்டின. தட்டிய பிறகுதான் எட்டுப் பேரும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். அலமாரியில் பெட்டி மறுபடி ட்ச்சிக் என்றது. அருண்பாண்டி சுரண்டிய பொட்டுக்கு அடியில் சிவப்பு மின்னியது. பாட்டரி தீரப்போகிறது, மாற்று மாற்று என்று அது மாச ஆரம்பத்திலிருந்தே கத்தியிருக்கிறது. சுண்டலுக்கும் விரிப்புக்கும் இவர்கள் அதைச் சாட்சி வைத்திருக்கிறார்கள்.

தன்யா அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பாட்டரிய எதுக்குக் கழட்டினேள் என்று கமலாக்ஷி ஒரே கேள்வி கேட்டாள்.

"பெட்டிதான் கத்தறதுன்னு ஒச்சப்பன் காட்டிக் குடுத்தான், கமலா," என்றது ஈனமான குரல். "எல்லாத்துக்கும் சத்யம் சொல்லிண்டு போகட்டும்னுதான் விட்டேன். கடைசியில என் உரை அஞ்சு நிமிஷம்னு அதுவே சொல்லிடுத்து. முப்பது வருஷமா பேசறேன். கச்சேரி முடிஞ்சு திரும்ப மாட்டிடலாம்னு எடுத்து வெச்சேன்."

"அப்பா, அதால நீங்க போயிருப்பேள்," என்றாள் தன்யா. "காப்பாத்தினவர கள்ளன்னு எழுதிண்டிருக்கா இங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றது குரல்.

"அதாக்கும் கார்யம். நீங்க ஒண்ணுமே சொல்லலை," என்றாள் தன்யா.

இதற்குப் பிறகு கமிட்டிக்கு வேறு வழியில்லை. மனுவைக் கிழித்தார்கள். ஒச்சப்பன் குற்றமற்றவன், வேலையும் அறையும் அவனுக்கே என்று அனந்தநாராயணன் முத்து முத்தாக எழுதினார். அலமாரிக்கு இனிப் பூட்டு இல்லை என்றும் எழுதினார். பழக்க தோஷத்தில் 'இச்சமயம் கௌளி' என்று ஆரம்பித்து, கமலாக்ஷி பார்ப்பதைப் பார்த்து அடித்துவிட்டார்.

"புதுப் பாட்டரி?" என்றாள் கமலாக்ஷி.

"அதை விஜயதசமிக்கு அப்புறம் பரிசீலிக்கலாம்."

"நான் இப்பவே ஆர்டர் பண்றேன்," என்று தன்யா போனை எடுத்தாள். "வர நாலு நாள் ஆகும்."

சாக்கு மூட்டையை அறைக்குத் திருப்பித் தூக்கப் போன பொன்மணி, வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்த நாலு நாள்ல யாராச்சும் விழுந்துட்டா?"

அனந்தநாராயணன் பேனாவை மூடினார். முகத்தில் கொஞ்சம்கூட வெட்கமில்லை.

"அதுக்கென்ன. ஒச்சப்பன் இருக்கானே."

எட்டுத் தலைகளும் திருப்தியாக ஆடின. ஒச்சப்பன் தன் உள்ளங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"இருக்கேன் சாமி. விழுறவங்க மட்டும் சாவியக் கழட்டி வச்சிட்டு விழுங்க."